ஊருக்குப் போகும்போது கரண்ட்டை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் அடைத்ததும் எங்கள் கட்டடத்தில் பாதி வீடு பூட்டிக்கொள்ளும். சென்னைப் புறநகரில் 24 வீடுகள் உள்ள சாதாரண அடுக்குமாடி. நான் சங்கத்தின் பொருளாளர், அதோடு எலக்ட்ரீஷியன் வருவதற்குள் டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிற கெட்ட பழக்கமும் உண்டு. அதனால் ரயிலுக்குப் போகிற அவசரத்தில் எல்லோரும் என் கதவைத்தான் தட்டுவார்கள். ஒவ்வொரு வருடமும் சொன்னதையே சொல்லிச் சலித்துப்போய் இந்த முறை எழுதி வைத்துவிட்டேன். தமிழ்நாட்டு ஈ.பி. கணக்கு, நம் ஊர் வெயில், நம் வீட்டுச் சாமான்கள் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது.

மெயினை இறக்கிட்டுப் போனா முடிஞ்சுது, இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

ஃப்ரிட்ஜ் காலி, இன்வெர்ட்டர் கிடையாது, கேமரா கிடையாது, மொட்டைமாடியில் சோலார் கிடையாது என்றால் தாராளமாக இறக்கிவிட்டுப் போங்கள். அதைவிட நல்ல வழி இல்லை. கோடை மழையில் இடி இடித்தாலும் சரி, எங்கோ நியூட்ரல் கம்பி அறுந்து 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்தாலும் சரி, கரண்ட் லைன் வழியாக உங்கள் டிவி புகைய வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அந்த நாலில் ஒன்று இருந்தாலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான் யோசிக்காமல் பட்டது இன்வெர்ட்டரால். சில வருடங்களுக்கு முன்னால், மே மாதம், கும்பகோணம் பக்கம் சொந்த ஊருக்கு 18 நாள் பயணம். பெருமையாக மெயினை இறக்கிவிட்டு ரயில் ஏறிவிட்டேன். மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டு அக்கா போன் செய்து, "உங்க வீட்டுக்குள்ள ஏதோ கீ கீன்னு கத்துது, பூனை மாட்டிக்கிச்சா?" என்கிறார். பூனை இல்லை, பேட்டரி. நான் மெயினை இறக்கியதை இன்வெர்ட்டர் பவர் கட் என்று எடுத்துக்கொண்டு, பூஜை அறைச் சின்ன பல்பையும் மோடத்தையும் ராப்பகலாக ஓட்டிப் பேட்டரியை வழித்து எடுத்துவிட்டது. பாக்கிப் பதினைந்து நாளும் அது காலியாகவே கிடந்தது. திரும்பி வந்து சார்ஜ் போட்டால் ஒரு ஃபேன் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஈ.பி. பில்லில் சில நூறு மிச்சம் பிடிக்கப் போய்ப் புதுப் பேட்டரி வாங்கின கதை இது.

அதனால் மெயினைத் தொடுவதற்கு முன் எம்.சி.பி. பெட்டியை (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்சுகள் உள்ள பெட்டி) திறந்து எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று ஒரு தடவை போட்டு அணைத்துப் பார்த்து, ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகும். அப்புறம் வேண்டாததை மட்டும் இறக்கலாம், வேண்டியது ஓடும்.

பூட்டின வீட்டுக்கு எப்படி 70 யூனிட் வருது? மீட்டர் கோளாறா?

பெரும்பாலும் மீட்டர் ஒழுங்காகத்தான் இருக்கும். ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடுவது. நாம் ஏ.சி., கீசர், மோட்டார் என்று பெரிய வாட்டைப் பார்த்தே பயப்படுகிறோம், அவை கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். பூட்டின வீட்டில் பில் ஏற்றுவது நிற்காமல் ஓடுகிற சின்னச் சாமான்கள். நான் மனதில் வைத்திருக்கும் கணக்கு இது: நிற்காமல் ஓடும் ஒவ்வொரு வாட்டும் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். சரியாகச் சொன்னால் 1.44.

இப்போது கூட்டிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் 10 வாட், மாதம் 7 யூனிட். வைஃபை மோடம் 8 வாட், கிட்டத்தட்ட 6. இன்வெர்ட்டர் பேட்டரியை நிரப்பி வைத்துக்கொண்டு சும்மா நிற்பதற்கே 15, 20 வாட், அது ஒரு 12 அல்லது 14. நாலு கேமராவும் ரெக்கார்டர் பெட்டியும் சேர்ந்து 30 வாட் என்றால் 21 யூனிட்டுக்கு மேல். கதவே திறக்காத ஃப்ரிட்ஜ் நாளைக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல், மாதம் 18. திருடனுக்காக எரிய விட்ட 9 வாட் பல்ப் 6. வந்துவிட்டதா 70?

இதில் என்ன பெரிய காசு, முதல் 100 யூனிட் இலவசம்தானே?

2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், உண்மைதான். ஆனால் கணக்கு இரண்டு மாதத்துக்குச் சேர்த்துப் போடுவது. நீங்கள் ஊரில் இருந்த இருபது நாள் தனியாகவும் மே மாத வெயிலில் ஏ.சி. ஓடின நாற்பது நாள் தனியாகவும் பில் வராது. கோடையில் பல வீட்டில் எண்ணிக்கை 500 பக்கத்தில் வந்து நிற்கும். அந்தக் கோட்டைத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்குக் கூடுதல் விலை என்பதோடு முடிவதில்லை, 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த விலையும் கையை விட்டுப் போகும். 510 யூனிட் வந்த வீட்டுக்காரர் பில்லைப் பார்த்துத் திட்டுவது இதனால்தான். அவருக்கு அந்தச் செட்டாப் பாக்ஸும் இன்வெர்ட்டரும் தின்ற 20 யூனிட் சாதாரண 20 யூனிட் இல்லை.

இரண்டு மாதத்தில் 250 யூனிட்டே வருகிற சின்னக் குடும்பம் என்றால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், மிச்சமாவது நூறு, நூற்றைம்பது ரூபாய்தான். அதற்காக ராத்திரி முழுக்கப் பிளக் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டாம். சாமான் பழுதாகாமல், தீ பிடிக்காமல் இருப்பதற்காகச் செய்யுங்கள்.

எங்க வீட்டுல எது சத்தமில்லாம இழுக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் 3200 இம்ப் என்றோ வேறு ஏதாவது எண்ணோ அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் ஓடினால் அந்த விளக்கு அத்தனை தடவை சிமிட்டும் என்று பொருள். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி எல்லாவற்றையும் "அணைத்துவிட்டு" (நீங்கள் அணைத்ததாக நினைத்துக்கொண்டிருப்பதை) ஃப்ரிட்ஜ் பிளக்கையும் ஐந்து நிமிடம் பிடுங்கிவிட்டு, கையில் போன் கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு தடவை சிமிட்டினால் சுமார் 19 வாட் போய்க்கொண்டிருக்கிறது. பத்து நொடிக்கு ஒரு தடவை என்றால் 110 வாட்டுக்கு மேல், எங்கேயோ எதுவோ ஓடுகிறது, தேடுங்கள்.

எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் இப்படித் தேடினபோது பரணில் இருந்த பழைய ஸ்டெபிலைசர் ஒன்று, அதோடு இணைத்திருந்த ஏ.சி.யைக் கழற்றி விற்று இரண்டு வருடம் ஆன பிறகும், தனியாகச் சூடாகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மீட்டர் முன்னால் நின்ற பத்து நிமிடத்தில் அது மாட்டியது.

ஃப்ரிட்ஜை ஓட விடலாமா, அணைச்சுடலாமா?

இதற்குத்தான் அதிகம் சண்டை, எங்கள் வீட்டிலும். என் முடிவு இப்படி: ஒரு வாரம் பத்து நாள் என்றால் ஓடட்டும். பதினைந்து நாளைத் தாண்டினால் காலி பண்ணி அணைத்துவிடுங்கள். நடுவில் உள்ளது உங்கள் ஃப்ரீசரில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கணக்குக்கு வெகுதூரம் போக வேண்டாம், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாள் கணக்கு. 220 என்று போட்டிருந்தால் நாளைக்கு 0.6. ஒரு வாரத்துக்கு நாலு யூனிட், அதற்காக ஊறுகாய், மருந்து, இட்லி மாவு, ஆறு மாதமாகச் சேர்த்த மசாலாப் பொடி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குச் சுமக்க வேண்டுமா? பழைய ஃப்ரிட்ஜ் என்றால் இதைப்போல இரண்டு மடங்கு இழுக்கலாம், அப்போது கணக்கு மாறும்.

ஓட விடுவதாக இருந்தால் குளிர் அளவைக் குறைத்து வையுங்கள். கதவு திறக்கப்போவதில்லை, சூடான பாத்திரம் உள்ளே வரப்போவதில்லை, நடு அளவில் இருப்பதை ஒன்றிரண்டு படி இறக்கினாலே போதும். அப்புறம் ஒரு பழைய யோசனை: ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் கட்டியாக்கி அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் நல்லது. டம்ளரின் அடியில் போய் உறைந்திருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் வெகுநேரம் கரண்ட் போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் மீன், கறி, ஐஸ்கிரீம் எதையும் முகர்ந்துகூடப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

சரி, அணைக்கிறதா முடிவு பண்ணியாச்சு. எப்படி?

கிளம்பும் அன்று காலை பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடுவது அணைப்பது ஆகாது. முந்தின நாளே அணைத்து, ஐஸ் முழுக்க உருகி, தண்ணீரைத் துடைத்து, உள்ளே ஈரமே இல்லாமல் காய வேண்டும். கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து இரண்டு விரல் அகலம் திறந்தே விடுங்கள். மூடிவிட்டால் இரண்டு வாரத்தில் ரப்பர் பட்டை முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, அந்த வாடை பல நாளைக்குப் போகாது. சின்னப் பிள்ளைகள் வந்து போகிற வீடாக இருந்தால் அவர்கள் உள்ளே புகுந்துகொள்ளாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரும் பார்க்காத ஒன்று பின்னால் இருக்கிறது. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கீழே ஒரு தட்டு, உருகுகிற தண்ணீர் அதில்தான் வந்து விழும். ஃப்ரிட்ஜ் ஓடும்போது கம்ப்ரஸர் சூட்டில் அது ஆவியாகிவிடும். நீங்கள் அணைத்துவிட்டால் சூடு இல்லை, தண்ணீர் அப்படியே தேங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டுக்குள் இதைவிட வசதியான இடம் வேண்டுமா? முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டைக் கழற்றிக் கொட்டி, முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வையுங்கள்.

ஃப்ரிட்ஜைச் சும்மா போட்டா கம்ப்ரஸர் கெட்டுடும்னு மெக்கானிக் சொல்றாரே?

ஒரு மாதம் சும்மா இருந்ததால் கம்ப்ரஸர் கெட்டு நான் பார்த்ததில்லை. அடிக்கடி போட்டு அணைப்பதுதான் அதற்கு ஆகாது. கடைகளில் புது ஃப்ரிட்ஜ் மாதக்கணக்கில் சும்மாதானே நிற்கிறது?

போன் சார்ஜரைப் பிளக்குலயே விட்டுட்டு வந்துட்டேன், பாதி வழியில ஞாபகம் வந்துச்சு.

நிம்மதியாகத் தூங்குங்கள். போன் மாட்டாத சார்ஜர் மாதம் முழுக்க இருந்தாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு வந்தால் அதிகம். தரமில்லாத பத்து ரூபாய் சார்ஜர் என்றால் சூடாகிறதா என்று ஒரு கவலை இருக்கலாம், அது வேறு விஷயம்.

ஏ.சி.யும் டிவியும் ரிமோட்ல அணைச்சுட்டேன், போதாதா?

புது டிவி ரிமோட்டில் அணைந்தால் அரை வாட், ஒரு வாட் அளவுக்குத்தான் இழுக்கும். பிரச்சினை அதன் காலடியில் இருக்கும் செட்டாப் பாக்ஸ். அதன் விளக்கு சிவப்பானதும் தூங்கிவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலான பெட்டிகள் சிவப்பிலும் பச்சையிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கும், கை வைத்துப் பாருங்கள், சுடும். சுவரில் அணையுங்கள். எங்கள் பாட்டி டிவிக்குத் துணி போட்டு மூடுவார், பெட்டியை மட்டும் அணைக்க விடமாட்டார், "சேனல் எல்லாம் போயிடும்" என்று. போகாது.

ஏ.சி.க்குத் தனி எம்.சி.பி. இருக்கும், அதை இறக்கிவிடுங்கள். ரிமோட்டில் அணைத்த ஏ.சி.யும் ஸ்டெபிலைசரும் சேர்ந்து ஏதோ கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும், அதைவிடப் பெரிய காரணம் இடி. வெளியே மொட்டைமாடியில் நிற்கிற பெட்டிக்குள் இருக்கும் போர்டு போனால் செலவு ஆயிரங்களில்.

கேமராவும் வைஃபையும் ஓடணுமே?

ஓடட்டும். பூட்டின வீட்டில் கேமராவை அணைத்து மாதம் இருபது யூனிட் மிச்சம் பிடிப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் எதை ஓட விடுகிறீர்கள் என்று பாருங்கள். ஹாலைப் பார்க்கிற கேமரா, சமையலறை, பின்வாசல் என்று ஆறு மாட்டிவிட்டு, அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, உள்ளே வர ஒரே ஒரு கதவுதான் என்றால் வாசல் கேமரா ஒன்று போதாதா? அந்த ஒன்றுக்கும் மோடத்துக்கும் தனி பிளக் ஒதுக்கி, மற்ற எல்லாவற்றையும் அணைக்கலாம்.

கேமரா இல்லாத வீட்டில் மோடம் ஓட வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

ஒரு லைட்டை எரிய விட்டா ஆள் இருக்குன்னு நினைப்பாங்க இல்ல?

பகல் பன்னிரண்டு மணிக்கும் வாசல் விளக்கு எரிந்தால் "இந்த வீட்டில் ஆள் இல்லை" என்று போர்டு எழுதி மாட்டினதற்குச் சமம். பத்து நாள் பேப்பர் வாசலில் குவிந்து கிடப்பதும் அப்படித்தான். இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் அணைகிற சென்சார் பல்ப் கடைகளில் கிடைக்கிறது, 9 வாட் பல்ப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் மூன்றே கால் யூனிட். அதைவிட நல்லது, எதிர்வீட்டில் ஒரு சாவி. உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் இன்ன தேதியிலிருந்து வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டும் போகலாம், ரோந்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஊருக்குப் போகிற படத்தை அன்றைக்கே ஸ்டேட்டஸில் போடுகிறவர்களுக்கு நான் எந்த பல்பையும் சிபாரிசு செய்வதாக இல்லை.

இன்வெர்ட்டரை என்னதான் செய்யணும்?

மேலே என் கதையைப் படித்துவிட்டீர்கள், இப்போது காரணம். 150 ஆம்பியர் மணி பேட்டரி, 12 வோல்ட், பெருக்கினால் 1800 வாட் மணி. இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் தான் விழித்திருப்பதற்கே 15 வாட் எடுக்கும் என்றால் அதிகபட்சம் ஐந்து நாள், நடைமுறையில் மூன்று நாலு நாளில் பேட்டரி காலி. காலியான ஈயப் பேட்டரியை அப்படியே விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

ஆகவே இரண்டு வழி. ஒன்று, மெயினை விட்டுவைத்து, இன்வெர்ட்டர் முகப்பில் உள்ள சுவிட்சை மட்டும் அணைப்பது. வீட்டு இன்வெர்ட்டர்கள் பெரும்பாலானவற்றில் அந்த சுவிட்ச் அணைந்திருந்தாலும் கரண்ட் இருக்கும்வரை பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும், பவர் கட் வந்தால் மட்டும் இன்வெர்ட்டர் விழிக்காது. மாதம் ஒரு பத்து யூனிட் செலவு, பேட்டரி பத்திரம். இன்னொன்று, எல்லாவற்றையும் அணைப்பதென்றால் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, இன்வெர்ட்டரின் பிளக்கையும் பிடுங்கி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடச் சொல்வது. நிறைந்த பேட்டரி ஒரு மாதம் சும்மா இருப்பதைத் தாங்கும். ஆறு மாதம் வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருகிறவர்கள் மாதம் ஒரு தடவை யாரையாவது வந்து சார்ஜ் போடச் சொல்ல வேண்டும்.

எந்த வழியானாலும் கிளம்புமுன் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள். மே மாதத்தில் பூட்டின வீட்டுக்குள் வெப்பம் எவ்வளவு ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.

கீசர்?

அணையுங்கள், அதன் தனி சுவிட்சில். பதினைந்து லிட்டர் தொட்டி யாரும் குளிக்காவிட்டாலும் ஆறுவதும் சூடாவதுமாக நாளைக்கு அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை தின்னும். ஒரு மாதத்துக்கு அது ஃப்ரிட்ஜ் செலவு. கூடவே இன்னொன்று: கீசர் காயிலில் கசிவு இருந்து ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தால் வீடு முழுக்க இருட்டு, அதில் உங்கள் ஃப்ரிட்ஜும் சேர்த்தி. நீங்கள் திருநெல்வேலியில் அல்வா சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், இங்கே வஞ்சிர மீன் அழுகிக்கொண்டிருக்கும்.

தண்ணி மோட்டார் தானா ஓடி தானா நிக்கும், அதை விட்டுட்டுப் போகலாமா?

தனி வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதுதான், ஃப்ரிட்ஜைவிட முக்கியம். டாய்லெட் ஃபிளஷில் ஒரு சின்ன ஒழுகல் இருந்தால் மேல்தொட்டி குறையும், சென்சார் மோட்டாரைப் போடும், மறுபடி ஒழுகும், மறுபடி போடும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய ஒரு மணிக்கு ஒரு யூனிட். கரண்ட்டும் போச்சு, சம்ப் தண்ணீரும் போச்சு, சம்ப் வறண்ட பிறகு மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடி அதுவும் போச்சு. மோட்டார் சுவிட்சை இறக்கி, மேல்தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் வால்வையும் அடைத்துவிடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாராவது வருவார்கள் என்றால் மாடியில் ஒரு டிரம்மை நிரப்பி இறுக்க மூடி வைத்தால் போதும். மூடி முக்கியம், கொசுக் கதை இங்கேயும் உண்டு.

வாட்டர் ப்யூரிஃபயர், வாஷிங் மெஷின்?

இரண்டுக்கும் கரண்ட்டையும் குழாயையும் அடைப்பது. ப்யூரிஃபயர் தொட்டித் தண்ணீரைக் காலி செய்துவிட்டுப் போங்கள், வந்ததும் முதல் இரண்டு தொட்டியைப் பாத்திரம் கழுவ வையுங்கள். மெஷின் கதவு திறந்திருக்கட்டும்.

மாடியில சோலார் இருக்கு. மெயினை இறக்கலாமா?

கூடாது. ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் சோலார், லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் தானாக நின்றுவிடும். லைன்மேன் கம்பத்தில் வேலை செய்யும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போய் அவரைத் தாக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நீங்கள் மெயினை இறக்கினாலும் பெரும்பாலான வீட்டு இணைப்பில் அதற்கு அப்படித்தான் தெரியும், நிறுத்திவிடும். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் அளவில் வரும். மூன்று கிலோவாட் வைத்திருக்கிறவர் பதினைந்து நாள் மெயினை இறக்கினால் 180 யூனிட்டை வெயிலோடு விட்டுவிட்டார் என்று அர்த்தம். வீட்டில் ஆள் இல்லாத நாளில் வருவது அத்தனையும் வெளியே ஏற்றுமதியாகிக் கணக்கில் ஏறும். போகுமுன் பேனலை ஒரு தடவை கழுவிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூரிய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வாங்கி மாட்டினவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர், ஒருவர் போன கோடையில் மெயினை இறக்கிவிட்டு ஊட்டிக்குப் போய்விட்டார். பில்லைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் வந்தார்.

மீன் தொட்டி இருக்கே?

அதை அணைக்க முடியாது. காற்று பம்ப் ஐந்து வாட்தான், ஓடட்டும். மேலே எரியும் விளக்கை மட்டும் அணைக்கலாம், மீனுக்கு அது தேவையில்லை. சாவி கொடுத்தவரிடம் தீனியைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள், டப்பாவோடு கொடுத்தால் பாசத்தில் கொட்டிவிடுவார்கள்.

ரீடிங் எடுக்க வரும்போது வீடு பூட்டியிருந்தா?

மீட்டர் வெளியிலோ அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ இருந்தால் பிரச்சினையே இல்லை. பூட்டின கேட்டுக்குள் இருந்தால் முந்தைய பில்லை வைத்து ஒரு தொகை போடுவார்கள், அடுத்த முறை உண்மையான ரீடிங் எடுக்கும்போது சரிசெய்வார்கள். நீங்கள் கஷ்டப்பட்டு மிச்சம் பிடித்தது உடனே தெரியாது, அவ்வளவுதான். முடிந்தால் மீட்டர் மட்டும் தெரிகிற மாதிரி வழி விட்டுப் போங்கள். கிளம்பும் அன்று ரீடிங்கைப் போனில் படம் எடுத்து வையுங்கள், வந்ததும் இன்னொரு படம். இரண்டையும் கழித்தால் நீங்கள் இல்லாதபோது எவ்வளவு ஓடியது என்பது கையில். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும் என்பதால், நீண்ட பயணம் போகிறவர்கள் இணைப்பு எண்ணைப் போனில் குறித்து வைத்துக்கொண்டு இருந்த இடத்திலிருந்தே கட்டிவிடலாம். கட்ட மறந்து இணைப்பைத் துண்டித்தால் ஃப்ரிட்ஜுக்கு நேர்வது மேலே சொன்னதுதான்.

கேஸ் சிலிண்டர்?

ரெகுலேட்டரை அணைத்தால் மட்டும் போதாது, கழற்றி, சிலிண்டருக்கு அதன் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிடுங்கள். பூட்டின வீட்டில் எலி கடித்த குழாய் ஒன்று போதும்.

திரும்பி வந்ததும் எல்லாத்தையும் ஒரேயடியாப் போடலாமா?

முதலில் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு மூக்கை நம்புங்கள். கேஸ் வாடை இருந்தால் லைட்டும் வேண்டாம், காலிங் பெல்லும் வேண்டாம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். வாடை இல்லை என்றால் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஏதாவது ஒன்று உடனே விழுந்தால் அதை வலுக்கட்டாயமாக மறுபடி ஏற்ற வேண்டாம், அந்த அறையில் எலி ஒயரைக் கடித்திருக்கலாம், எலக்ட்ரீஷியன் வரட்டும். வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் கரண்ட் இல்லை என்றால் ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987.

தண்ணீர் வால்வைத் திறந்து, குழாயில் காற்று போய்த் தண்ணீர் வந்த பிறகுதான் கீசர். ஃப்ரிட்ஜைப் போட்டு மூன்று நாலு மணி நேரம் காலியாகக் குளிர விட்டு, அப்புறம் ஊரிலிருந்து கொண்டுவந்த மாம்பழத்தை அடுக்குங்கள்.